தண்ணீர் ஓரக் கச்சேரிக்கு எந்த இடம்? மலம்புழா, பாலக்காட்டுக் கோட்டை, உக்கடம் பெரியகுளம், கொச்சி

ஆண்டு விழாக் கச்சேரியை மண்டபத்தில் வைத்து அலுத்துப்போய், இந்த முறை தண்ணீர் ஓரமாக ஒரு பூங்காவில் திறந்தவெளியில் வைக்கலாம் என்று தீர்மானித்துவிட்டு, எந்த இடம் என்பதில் சிக்கி நிற்கிறார்கள் பலர். பாலக்காட்டுப் பக்கத் தமிழ் மன்றங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோவில் கமிட்டிகள் எல்லாம் இதில் உண்டு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார் என்று எல்லையோரம் இருப்பவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். கிழக்கே திரும்பினால் கோவை, மேற்கே திரும்பினால் பாலக்காடு, இன்னும் தள்ளிப் போனால் கொச்சி. கமிட்டியில் பாதிப் பேர் ஒரு பக்கம் இழுப்பார்கள், மீதிப் பேர் மறுபக்கம்.

அடிக்கடி அடிபடும் இடங்கள் நான்கு: மலம்புழா அணைத் தோட்டம், பாலக்காட்டுக் கோட்டையின் அகழி ஓரம் இருக்கும் ராப்பாடி திறந்தவெளி அரங்கம், கோவை உக்கடம் பெரியகுளக் கரை, கொச்சிக் காயலோரம். 500 முதல் 1,500 பேர் வரும் ஒரு மாலைக் கச்சேரியை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மெல்லிசையோ கர்நாடக சங்கீதமோ எதுவாகவும் இருக்கட்டும். சினிமாப் பிரபலத்தை அழைத்து ஆயிரக்கணக்கில் டிக்கெட் விற்கும் நிகழ்ச்சி என்றால் அது வேறு தொழில். அதற்கென்று இருப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

## எதை வைத்து அளப்பது

கமிட்டிகள் முதலில் பார்ப்பது மேடைக்குப் பின்னால் தண்ணீர் தெரிகிறதா, போட்டோ நன்றாக வருமா என்பதை. நான் அதைக் கடைசியில் வைப்பேன். தண்ணீர் என்பது கதவே இல்லாத ஒரு சுவர். நான்கு பக்கமும் திறந்த மைதானம் என்றால் கூட்டம் நாலா பக்கமும் கலையும். குளக்கரையிலோ காயலோரத்திலோ ஒரு பக்கம் அடைபட்டுப் போகிறது. மேடையும் வேலியும் இன்னொரு பக்கத்தை அடைக்கின்றன. மிச்சம் இருப்பது ஒன்றோ இரண்டோ வாசல். ஆகவே முதல் அளவுகோல் வாசல்.

சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்குச் சுமார் 80 பேர் வெளியேறலாம் என்பது கூட்ட மேலாண்மையில் புழங்கும் கணக்கு. 1,000 பேர், ஒன்றரை மீட்டர் அகல கேட் ஒன்று என்றால் எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவும் யாரும் தள்ளாமல், வரிசையாக நடந்து போனால். மழை கொட்டும்போது யாரும் அப்படி நடப்பதில்லை. 2023 நவம்பர் 25 அன்று களமசேரியில் கொச்சிப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கத்தில் நடந்தது நினைவிருக்கும். மாணவர் விழாக் கச்சேரி தொடங்கும் நேரத்தில் மழை வந்தது, வெளியே நின்ற கூட்டம் ஒதுங்க இடம் தேடி வாசலில் நெருக்கியது, படிகளில் விழுந்து மிதிபட்டு 4 பேர் இறந்தார்கள். அங்கே தண்ணீர்க்கரைகூட இல்லை. கேட், படி, மழை, இந்த மூன்றும் ஒன்று சேர்ந்ததே போதுமாக இருந்தது. இடம் பார்க்கப் போகும்போது டேப் எடுத்துப் போங்கள், கேட்டின் அகலத்தை அளங்கள், கேட்டை ஒட்டிப் படிக்கட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, சத்தம் எங்கே போகிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா போன்றவற்றுக்கு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம், ஆனால் உங்கள் ஆண்டு விழாவுக்காக அதை யாரும் செய்யப் போவதில்லை. பகலிலும் வரம்பு உண்டு. பொது இடத்தின் எல்லையில் சத்தம் அந்தப் பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது, அல்லது 75 டெசிபலைத் தாண்டக்கூடாது. இரண்டில் எது குறைவோ அது. குடியிருப்புப் பகுதிக்கு 55 என்பதால், பக்கத்தில் வீடுகள் இருந்தால் எல்லையில் 65தான். இது எவ்வளவு குறைவு என்று சவுண்டு சர்வீஸ்காரரைக் கேளுங்கள், சிரிப்பார். ஸ்பீக்கர் பாக்ஸிலிருந்து 4 மீட்டரில் 95 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். 8 மீட்டரில் 89, 16இல் 83, இப்படியே போய் 128 மீட்டரில்தான் 65 வரும். ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டு இருந்தால் அதைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அதற்குள் பேசிப் பயனில்லை, வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

இதில் தண்ணீருக்கென்று ஒரு குணம் இருக்கிறது. தண்ணீர்ப் பரப்பு சத்தத்தை விழுங்காது. மாலையில் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று சூடாகவும் இருந்தால், மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து கீழே இறங்கும். அதனால் மேலே சொன்ன கணக்கைவிட அக்கரையில் அதிகமாகவே கேட்கும். புகார் வருவதும் பெரும்பாலும் அக்கரையிலிருந்துதான். தண்ணீரைப் பார்த்து பாக்ஸ் வைக்காதீர்கள் என்பது இதனால்தான். மேடைக்குப் பின்னால் தண்ணீர், பாக்ஸ் கரையைப் பார்த்து, கூட்டத்தின் முதுகுப் பக்கம் வாசல்: இந்த அமைப்பு வருமா என்று எந்த இடத்திலும் முதலில் வரைந்து பாருங்கள். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர். அரங்கத்துக்குள் அது நடக்கும்; குளக்கரையில் மிருதங்கத்தை வெறும் காதால் பத்தாவது வரிசைக்கு மேல் கேட்க முடியாது. மைக் செட் இல்லாமல் திறந்தவெளிக் கச்சேரி இல்லை, ஆகவே இந்தத் தலைவலியிலிருந்து தப்பவும் வழி இல்லை.

மூன்றாவது, காற்றும் மழையும். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராக உட்கார்ந்திருக்கிறோம். மார்கழி, தை மாதங்களில் கிழக்கேயிருந்து வறண்ட காற்று வீசும், ஆனி ஆடியில் மேற்கேயிருந்து ஈரக்காற்று. மேடைக்குப் பின்னால் கட்டும் பெரிய ஃபிளக்ஸ் அந்தக் காற்றில் பாய்மரம் ஆகிவிடும். கம்பியோடு சேர்த்து இழுக்கும். மைக்கில் காற்று ஊதும் இரைச்சலும் வரும். வறண்ட காற்றில் மிருதங்கத் தோல் இறுகிச் சுருதி ஏறும், கொச்சி ஈரத்தில் தளர்ந்து இறங்கும். வித்வான் பாட்டுக்குப் பாட்டு சுத்தியலை எடுத்தால் அவர்மேல் குறை சொல்லாதீர்கள். மழையைப் பொறுத்தவரை ஐப்பசி, கார்த்திகை மாலைகளை விட்டுவிடுங்கள், இடியோடு வரும். எனக்குப் பிடித்தது மாசி. காற்று அடங்கியிருக்கும், பகல் வெயில் சுட்டாலும் ஆறு மணிக்கு மேல் உட்காரலாம்.

நான்காவது, கடைசி பஸ். இதைப் பற்றி விளக்க ஒன்றும் இல்லை. ஆனால் கமிட்டியில் கார் வைத்திருப்பவர்களே முடிவெடுப்பதால் மறந்துபோகிறது.

ஐந்தாவது, எத்தனை ஆபீஸ் ஏற வேண்டும் என்பது. இடத்துக்கு உரிமையான துறை, போலீஸ், உள்ளாட்சி, தற்காலிக மின் இணைப்புக்கு மின்வாரியம், கூட்டத்தைப் பொறுத்துத் தீயணைப்பு. கேரளப் பக்கம் விண்ணப்பம் மலையாளத்தில்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதியில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். சித்தூர்த் தாலுகாக்காரர்களுக்கு இது பழகிய விஷயம். ஆனாலும் அவசரமாக மைக் பெர்மிஷன் வேண்டும் என்கிற நாளில் சட்டம் பேசிக்கொண்டு நிற்காமல், மலையாளத்தில் ஒரு பிரதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவது உத்தமம்.

## மலம்புழா அணைத் தோட்டம்

நம்மவர்களுக்கு மலம்புழா மேல் ஒரு தனிப் பிரியம். பாலக்காடு சென்னை மாநிலத்தில் இருந்த காலத்தில் கட்டிய அணை அது. 1955இல் முதல்வர் காமராஜர் திறந்துவைத்தார். பவானிசாகர் போல நம் அணை என்ற நினைப்பு தாத்தா தலைமுறையில் இன்னும் இருக்கிறது. தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் 1969இல் செய்த யட்சி சிலை, மேலே ரோப்வே, பக்கத்தில் சண்டிகரின் நேக் சந்த் பாணியில் உடைந்த ஓடுகளும் வளையல்களும் கொண்டு அமைத்த பாறைத் தோட்டம். குடும்பத்தோடு வந்தால் பகல் முழுக்கப் பொழுது போகும். கச்சேரியை மட்டும் நம்பி யாரும் வர வேண்டியதில்லை என்பதே இந்த இடத்தின் பெரிய பலம்.

ஒலிக்கு இங்கே ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. தோட்டம் அணைக்குக் கீழே இருக்கிறது. அணைக்கு முதுகைக் காட்டி மேடை போட்டால் பிரச்சினை இல்லை. அணையைப் பார்த்து பாக்ஸ் வைத்தால் சுவரில் பட்டுத் திரும்பும். 100 மீட்டர் தள்ளி இருந்தால் போய் வர 200 மீட்டர். சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்பதால் அரை நொடிக்கு மேல் கழித்து அதே பாட்டு இன்னொரு முறை வரும். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தில் இது நடந்தால் தாளம் போடுபவர்கள் கதி என்ன என்று நினைத்துப் பாருங்கள். ஒரு சாயங்காலம் போய் நடுவில் நின்று கை தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மறைமுகச் செலவு போக்குவரத்தில் இருக்கிறது. ஒலவக்கோட்டில் இருக்கும் பாலக்காடு ஜங்ஷனிலிருந்தே பத்து கிலோமீட்டருக்குச் சற்று முன்பின் வரும். இரவில் பஸ் குறைவு, ஆட்டோ கேட்டதுதான் விலை. 600 பேரில் பாதிப் பேருக்குத் திரும்பும் வண்டியை நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். இன்னொன்று, மலையடிவாரம் என்பதால் யானை. பிடி 7 என்று வனத்துறை எண் கொடுத்திருந்த காட்டானையை 2023 ஜனவரியில் பக்கத்தில் தோணி என்ற ஊரில்தான் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அது போய்விட்டது, மற்றவை போகவில்லை. டூவீலரில் வந்தவர்களைத் தனியாக அனுப்பாமல் சேர்த்து அனுப்புங்கள்.

தோட்டம் நீர்ப்பாசனத் துறையுடையது. சுற்றுலாத் துறைக்கும் அதில் கை உண்டு. இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். எந்தப் பகுதியில் வேலை நடக்கிறது, எது திறந்திருக்கிறது, எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஞாயிறு, விடுமுறை நாள் என்றால் விளக்கு அலங்காரம் பார்க்க வரும் கூட்டத்தோடு உங்கள் கூட்டமும் கலந்துவிடும். உங்கள் 600 பேருக்காகப் போட்ட கணக்கு கேட்டில் பலிக்காது.

மலம்புழா யாருக்கு? பகலில் சுற்றிவிட்டு நாலு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடிக்கும் குடும்ப விழாவுக்கு. சொந்தமாக பஸ் பிடித்து வரும் பழைய மாணவர் சங்கத்துக்கு. ராத்திரி ஒன்பதரை வரை ராகம் தானம் பல்லவி கேட்க ஆசைப்படுபவர்களுக்கு இது இடமில்லை.

## பாலக்காட்டுக் கோட்டை, ராப்பாடி அரங்கம்

ஹைதர் அலி 1766இல் கட்டிய கோட்டை. சுற்றி அகழி, அகழியில் தண்ணீர். ஆறு, காயல் அளவுக்குத் தண்ணீர் இல்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் கச்சேரி நடத்துவதற்கு நான்கில் இதுதான் தோது. காரணம் ஒன்றே ஒன்று: ராப்பாடி கச்சேரிக்காகவே கட்டிய திறந்தவெளி அரங்கம். மேடை நிரந்தரமானது. மற்ற மூன்று இடங்களிலும் மேடையைக் கட்டி, சோதித்து, பிரிக்க வேண்டும். இங்கே திரையும் விளக்கும் மட்டும்.

தற்காலிக மேடை என்பது வெறும் வாடகைச் செலவில்லை. 2024 டிசம்பரில் கொச்சி கலூர் ஸ்டேடியத்தில் ஒரு நடன நிகழ்ச்சிக்குப் போட்ட தற்காலிக மேடையிலிருந்து சட்டமன்ற உறுப்பினர் உமா தாமஸ் கீழே விழுந்து பலத்த காயமடைந்தார். எம்.எல்.ஏ. ஏறும் மேடையிலேயே கைப்பிடி சரியாக இல்லை என்றால், நம் சங்கத்து மேடையை யார் சோதிக்கப் போகிறார்கள்?

ஊர் நடுவில் என்பதால் பஸ் ஸ்டாண்டுக்கும் டவுன் ரயில் நிலையத்துக்கும் எளிதாகப் போய்விடலாம். சாப்பாட்டுக்கு வெளியே நடந்தால் ஹோட்டல். ரசிகர்களும் இங்கேதான். கல்பாத்தித் தேருக்கு முன் நடக்கும் சங்கீத உற்சவத்தில் உட்கார்ந்து பழகிய ஆட்கள், பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் பிறந்த மண், சும்மா வந்தாலும் கடைசிவரை இருப்பார்கள். பாடுபவருக்கு அது எவ்வளவு தெம்பு என்பது கொஞ்சமாவது மேடை ஏறியவர்களுக்குத் தெரியும்.

கஷ்டங்களும் சொல்லிவிட வேண்டும். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. அரங்கத்துக்குள் நிற்கும்வரை கவலையில்லை. ஆனால் வெளியே குழி தோண்டி வளைவு நடுவது, மதிலில் கயிறு கட்டுவது, அகழியை ஒட்டி உணவுக்கடை போடுவது எல்லாம் வினையாகிவிடும். ஆர்வக்கோளாறில் ஃபிளக்ஸ் கட்டும் இளைஞர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கார் நிறுத்தம் இன்னொரு தலைவலி. கோட்டைக்குள் இருக்கும் ஆஞ்சநேயர் கோவிலில் விசேஷ நாளாகப் பார்த்துத் தேதி வைத்தால் இரட்டிப்பாகும். நகர நடு என்பதால் அமைதி மண்டலக் கணக்கையும் அளந்து பார்த்தாக வேண்டும். தேதி கிடைப்பதும் சுலபமில்லை. அரசு விழா வந்தால் உங்கள் தேதி நகர வாய்ப்புண்டு, அதற்கு என்ன நஷ்டஈடு என்று முன்பணம் கட்டும்போதே கேளுங்கள்.

## உக்கடம் பெரியகுளக் கரை

கோவையின் குளங்கள் நொய்யல் தண்ணீரால் நிறையும் பழைய பாசன ஏரிகள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம் எல்லாவற்றுக்கும் நடைபாதை, விளக்கு, உட்காரும் இடம் என்று வந்துவிட்டது. எல்லையோரத்துக்காரர்களுக்கு உக்கடம் என்றால் பஸ் ஸ்டாண்டு. வேலந்தாவளம் பஸ்ஸும் பாலக்காட்டு பஸ்ஸும் அங்கேதான். கச்சேரி கேட்டுவிட்டு நடந்தே பஸ் ஏறலாம் என்பது நான்கு இடங்களில் இங்கே மட்டும்தான் இவ்வளவு சுளுவாக நடக்கும். 2024 ஆகஸ்டில் உக்கடம் ஆத்துப்பாலம் மேம்பாலம் திறந்த பிறகு கார்க்காரர்களுக்கும் பாலக்காட்டு ரோட்டில் வந்து சேர்வது முன்பைவிடத் தேவலை.

அப்புறம் என்ன குறை? இடத்தின் உருவம். குளக்கரை என்பது நீளமான, குறுகலான நாடா. 1,000 பேரைச் சதுரமாக உட்கார வைக்க அகலம் கிடைக்காது, நீளவாக்கில் உட்காருவார்கள். கடைசியில் இருப்பவருக்கு மேடை கட்டைவிரல் அளவுதான் தெரியும். சத்தம் அவருக்குச் சேர நடுவில் இன்னொரு ஜோடி பாக்ஸ் வைக்க வேண்டும். அதைச் சும்மா வயர் இழுத்து வைத்தால் மேடையின் சத்தம் தாமதமாக வந்து இரட்டைக் குரலாகக் கேட்கும். 34 மீட்டருக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் என்ற கணக்கில் மிக்சரில் டிலே போட, அதாவது நடு பாக்ஸின் சத்தத்தை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தத் தெரிந்த ஆள் வேண்டும். கல்யாண வீட்டு மைக் செட்டுக்காரர் போதாது. இந்தக் கூடுதல் பாக்ஸ், கூடுதல் ஆள், பெரிய திரை மூன்றும் சேர்ந்து, இடவாடகையில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும்.

நாடா வடிவத்தின் இன்னொரு சங்கடம் வாசல். இரண்டு முனையிலும் வழி இருந்தால் நல்லது. மேடையை ஒரு முனையில் போட்டால் அந்த முனை அடைபடும், மொத்தக் கூட்டமும் மறுமுனைக்குப் போக வேண்டும். மேடையை நீளத்தின் நடுவில், தண்ணீருக்கு முதுகு காட்டிப் போடுவதே சரி. அப்போது அகலம் இன்னும் குறையும், 500 பேருக்கு மேல் ஆசைப்படாதீர்கள். குளத்தின் பக்கம் தடுப்பும், நீந்தத் தெரிந்த ஆளும், கயிறும் ட்யூபும் கட்டாயம். பிள்ளைகள் கச்சேரி கேட்க உட்கார மாட்டார்கள், கைப்பிடியில்தான் தொங்குவார்கள்.

சுற்றிலும் நெருக்கமான குடியிருப்பு. கோவில், பள்ளிவாசல் நேரங்களை விசாரித்து நிகழ்ச்சி நிரலில் இடைவெளி விடுங்கள். அது மரியாதை மட்டுமில்லை, ஏழு மணிக்கு மைக்கை அணைக்கச் சொல்லி ஆள் வருவதைவிட நீங்களே அணைப்பது பாடகருக்கும் நல்லது. தண்ணீர் குறையும் மாதங்களில் வாடை வரும், ஆகாயத்தாமரை மண்டும், கொசு சொல்லவே வேண்டாம். கூழைக்கடா முதல் வாத்து வரை பறவைகள் தங்கும் குளம் இது. வாணவேடிக்கையை யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

வாலாங்குளத்தில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். சுங்கம் பைபாஸ் வண்டிச் சத்தத்தோடு போட்டி போட மனம் இருந்தால் வைக்கலாம். வீணைக் கச்சேரிக்கு ஆகாது, பறையும் தவிலும் என்றால் சரி.

மொத்தத்தில் பெரியகுளம் மாலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும் சின்னக் கச்சேரிக்கு, கோவையும் எல்லையோரமும் கலந்த கூட்டத்துக்கு நல்ல இடம். பெரிய மெல்லிசைக் குழு என்றால் குளத்தை மறந்துவிட்டு வ.உ.சி. மைதானமோ கொடிசியாவோ பாருங்கள்.

## கொச்சிக் காயலோரம்

அழகு என்று பார்த்தால் மற்ற மூன்றும் கொச்சிக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. மரைன் டிரைவ் நடைபாதை, சுபாஷ் பூங்கா, எதிரே 1744இல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகையோடு போள்காட்டித் தீவு. பெரிய கச்சேரிகள் நடத்திப் பழகிய ஊர் என்பதால் சவுண்டு, லைட், பாதுகாப்பு ஆட்கள் எல்லாம் அங்கேயே தேர்ந்தவர்கள் கிடைப்பார்கள். 2023இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவும் மெட்ரோ ரயிலும் கூட்டத்தை ஓரளவு கலைத்துக் கொடுக்கும்.

ஆனால் பாலக்காட்டிலிருந்து 145 கிலோமீட்டர், கோவையிலிருந்து 200க்குக் கொஞ்சம் குறைவு. குதிரான் சுரங்கப்பாதை வந்த பிறகு மலை ஏற்றத்தில் சிக்குவது போய்விட்டது, டோல் கேட் போகவில்லை. பத்து மணிக்கு முடிந்தால் வீடு சேர விடியற்காலை. பக்கவாத்தியக்காரர்களுக்கு ரூம், டிரைவருக்கு ரூம், மறுநாள் காலை டிபன், இதெல்லாம் பட்ஜெட்டின் முதல் பக்கத்தில் வராது, கடைசிப் பக்கத்தில் வந்து நிற்கும். தமிழ்நாட்டு வாடகை வேன் என்றால் கேரளப் பெர்மிட்டும் பார்க்க வேண்டும். கடற்படைத் தளம் பக்கத்தில் என்பதால் ட்ரோன் ஆசையை விட்டுவிடுங்கள்.

போள்காட்டிக்கு இன்னொரு விஷயம்: தீவு. நான் முன்பு சொன்ன கதவில்லாச் சுவர் இங்கே நாலா பக்கமும். கோஸ்ரீ பாலத்தில் கார்கள் நிற்க ஆரம்பித்தால் கூட்டம் வெளியேறுவது கஷ்டம், படகுதான் கைகொடுக்க வேண்டும். 1,000 பேருக்குத் தாங்கும், அதற்கு மேல் என்றால் போக்குவரத்துப் போலீஸோடு பேசிவிட்டுத்தான் டிக்கெட் அடிக்க வேண்டும்.

பாலக்காட்டு ஆட்களைக் கொச்சிக்கு ஏற்றிப்போய்க் கச்சேரி நடத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. கொச்சியிலேயே இருக்கும் தமிழர்களுக்காக என்றால் கதை வேறு. எர்ணாகுளத்தில் தலைமுறைகளாக இருக்கும் குடும்பங்கள், வில்லிங்டன் தீவு வாத்துருத்தியில் வாழும் தொழிலாளர்கள், ஐ.டி. வேலைக்கு வந்த இளைஞர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு நடத்துவதானால் கொச்சியை விட்டு வேறு இடம் யோசிக்கவே வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | மலம்புழா | ராப்பாடி | பெரியகுளம் | கொச்சி |
|---|---|---|---|---|
| வாசல், வெளியேற்றம் | விடுமுறை நாளில் நெரிசல் | நன்று | நீள நாடா, கவனம் | போள்காட்டியில் பாலத்தில் நெரிசல் |
| ஒலி | அணைச் சுவர் எதிரொலி | நிரந்தர மேடை, நகரச் சத்தம் | டிலே பாக்ஸ் தேவை | தேர்ந்த ஆட்கள் உண்டு |
| காற்று, ஈரம் | தை வரை பலத்த காற்று | அதே காற்று, கொஞ்சம் குறைவு | ஆனி ஆடியில் காற்று | ஈரம், கொசு |
| இரவு பஸ் | சிரமம் | சுலபம் | மிகச் சுலபம் | வெளியூர்க்காரர்களுக்குச் சிரமம் |
| மறைமுகச் செலவு | திரும்பும் வண்டி | கார் நிறுத்தம், தேதி மாற்றம் | கூடுதல் பாக்ஸ், திரை, தடுப்பு | தங்கல், டோல், பெர்மிட் |
| யாருக்கு | பகல் குடும்ப விழா | சங்கீதக் கச்சேரி, 1,000 வரை | 500 பேர், கலப்புக் கூட்டம் | கொச்சித் தமிழர்கள் |

## எங்கே வைத்தாலும் கூட வரும் செலவு

ஜெனரேட்டரை மின்வாரிய இணைப்புக்கு மாற்றாக மட்டும் நினைக்காதீர்கள். மேடை விளக்கும் ஒலியும் ஜெனரேட்டரில், பாதை விளக்கு மின்வாரியத்தில் என்று பிரித்துவிட்டால் ஒன்று போனாலும் கூட்டம் இருட்டில் நிற்காது. தண்ணீர்க்கரையில் இருட்டு வேண்டவே வேண்டாம். வயர் இணைப்புகள் தரையில் கிடக்கக் கூடாது, மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் இல்லாத பலகையை ஏற்காதீர்கள்.

கோவை மைக் செட்டைப் பாலக்காட்டுக்கு ஏற்றிப் போனாலும், அங்கிருந்து இங்கே கொண்டு வந்தாலும் மாநில எல்லை தாண்டும் சரக்கு. வாளையாரில் பழைய வரிச் சோதனைச்சாவடி இல்லை என்றாலும் வழியில் பறக்கும் படை நிறுத்தலாம். பொருளின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் டெலிவரி சலானும் ஜி.எஸ்.டி.யின் இ-வே பில்லும் கையில் இருக்கட்டும். இதைச் சவுண்டு சர்வீஸ்காரர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

சினிமாப் பாட்டு பாடினால் பதிப்புரிமை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கட்டணம் வாங்காமல் அமெச்சூர் சங்கம் நடத்தும் நிகழ்ச்சிக்கு விலக்கு தருகிறது. சங்கத்து ஆட்களே பாடினால் அதில் நிற்கலாம். காசு கொடுத்து ஆர்க்கெஸ்ட்ரா கூப்பிட்டுவிட்டு அமெச்சூர் என்று சொல்ல முடியாது; இசை உரிமைச் சங்கத்தின் உரிமக் கட்டணத்தைப் பட்ஜெட்டில் போட்டு வையுங்கள். தியாகராஜரும் தீட்சிதரும் பாடினால் இந்தக் கவலை இல்லை. நன்கொடைச் சீட்டு அடித்தால் உள்ளாட்சியில் கேளிக்கை வரி கேட்பார்கள். சீட்டின் பெயரை மாற்றினால் தப்பிக்கலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

சீட்டு எண்ணிக்கையில் கணக்கு தவறக்கூடாது. 2023 செப்டம்பரில் சென்னைக்கு வெளியே பனையூரில் ஏ.ஆர். ரகுமான் கச்சேரியில் டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். அவ்வளவு பெரிய ஏற்பாட்டிலேயே அப்படி நடந்தது. நாற்காலிக்கும் நடைவழிக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் வைத்து, தண்ணீர்ப் பக்கம் தடுப்பிலிருந்து சில மீட்டரை விட்டுவிட்டு, மிச்ச இடத்துக்கு மட்டும் சீட்டு அடியுங்கள். ஓசியில் நுழையும் சொந்தக்காரர்களும் அந்தக் கணக்கில்தான்.

கடைசியாக மழை ஒப்பந்தம். நிகழ்ச்சி நாளன்று மழை வந்தால் மாற்றுத் தேதிக்கு மேடை, பாக்ஸ், பந்தல், பாடகர் நால்வரும் வருவார்களா, எவ்வளவு கூடுதல், நிறுத்தும் முடிவை யார் எடுப்பது, எத்தனை மணிக்குள் எடுப்பது என்று நாலு வரி எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். முடிவெடுப்பவர் ஒருவராக இருக்கட்டும், தலைவராக இருக்க வேண்டாம். தலைவருக்கு நிறுத்த மனசு வராது. பக்கத்தில் ஒரு பள்ளி அரங்கமோ மண்டபமோ அதே தேதிக்குச் சின்ன முன்பணத்தில் பிடித்து வைத்தால், மதியம் மூன்று மணிக்கே மாற்றிக்கொள்ளலாம். ராப்பாடிக்கும் உக்கடத்துக்கும் பக்கத்தில் இப்படிப்பட்ட மண்டபங்கள் கிடைக்கும், மலம்புழாவில் கஷ்டம்.